மருத்துவச் சேவையை வாங்குவது யார்? அந்த மேசையில் செவிலியருக்கு என்ன வேலை?

இங்கிலாந்தில் ஒருவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது யாரும் அவர் கையில் பில்லைக் கொடுப்பதில்லை. 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதார சேவை, அதாவது என்.எச்.எஸ்., வரிப்பணத்தில் நடக்கிறது. இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வரிப்பணம் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? ஓர் ஊருக்கு எத்தனை அறுவை சிகிச்சை தேவை, அதை எந்த ஆஸ்பத்திரி செய்ய வேண்டும், எந்தத் தரத்தில் செய்ய வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்வது யார்? அங்கே வேலைக்குப் போகும் நம் செவிலியர்களில் பலர்கூட வார்டுக்குள் வருடக்கணக்கில் இருந்தும் இந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பதில் இதுதான்: சேவையை நோயாளி வாங்குவதில்லை, அவருக்காக ஓர் அமைப்பு வாங்குகிறது. 1991 வரை ஒரே சுகாதார நிர்வாகம்தான் பணத்தையும் வைத்திருந்தது, ஆஸ்பத்திரியையும் நடத்தியது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்தது. 1991 ஏப்ரல் முதல் ஒரு பக்கம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேவையை வாங்குபவர்கள், மறுபக்கம் அதை அளிக்கும் ஆஸ்பத்திரிகள் என்று ஆனது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பின்னாளில் இந்தப் பிரிவினையைக் கைவிட்டுவிட்டன. அதனால் இந்தக் கட்டுரையில் என்.எச்.எஸ். என்று வரும் இடத்திலெல்லாம் இங்கிலாந்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது என்றதும் டெண்டரும் விலைப்பட்டியலும்தான் நினைவுக்கு வரும். அது வேலையின் ஒரு பகுதிதான். முதலில் அந்தப் பகுதி மக்களுக்கு என்ன நோய்கள், வயதானவர்கள் எத்தனை பேர், எந்தத் தெருக்களில் ஆயுள் குறைவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் இருக்கிற பணத்தில் எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு வேண்டிய சேவை எப்படி இருக்க வேண்டும் என்று வரிவரியாக எழுத வேண்டும், அதைச் செய்யக்கூடியவரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு, சொன்னபடி நடக்கிறதா என்று வருடம் முழுவதும் கண்காணிக்க வேண்டும். கணக்காளராலும் நிர்வாகியாலும் இதில் பெரும்பகுதியைச் செய்ய முடியும். ஆனால் ‘நல்ல சேவை என்றால் என்ன’ என்று எழுதும் இடத்திலும், ‘நடப்பது நல்ல சேவைதானா’ என்று பார்க்கும் இடத்திலும் அவர்களால் மட்டும் முடியாது. நோயாளியின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் அங்கே தேவைப்படுகிறார்.

கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் விடுவதைப் போலத்தான் இது. இலைக்கு இவ்வளவு என்று விலை பேச யாராலும் முடியும். எத்தனை பேர் பரிமாற வேண்டும், சாம்பார் எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று கேட்கச் சமையல் தெரிந்தவர் வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு லண்டன் நகரின் பக்கவாதச் சிகிச்சை. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2010க்கு முன்பு லண்டனில் பக்கவாதம் வந்தவரை ஆம்புலன்ஸ் பொதுவாகப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அப்படிச் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிகள் 30 அளவில் இருந்தன. தரம் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறியது. பக்கவாதத்தில் நேரம்தான் எல்லாம். மூளையில் ரத்தக்கட்டியா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டி என்றால் அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் ஸ்கேன் எடுத்து, அதைப் படித்துச் சொல்லும் நிபுணரையும் வைத்திருக்க 30 ஆஸ்பத்திரிகளாலும் முடியாது.

2007இல் அறுவை சிகிச்சை நிபுணர் ஆரா டார்ஸி லண்டன் சுகாதார சேவை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பக்கவாதம் போன்ற அவசர நோய்களைச் சில சிறப்பு மையங்களில் குவிக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று. பக்கவாத மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறைச் சிகிச்சையாளர்கள் ஆகியோரின் உதவியோடு, ஒரு மையம் எப்படி இருக்க வேண்டும் என்ற தர விதிகள் எழுதப்பட்டன. நகரம் முழுவதற்கும் 24 மணி நேரமும் இயங்கும் 8 மையங்கள் போதும் என்று முடிவானது. ஆம்புலன்ஸில் 30 நிமிடத்துக்குள் அவற்றில் ஒன்றை அடைய முடிய வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி ஆம்புலன்ஸ் போகும் என்றபோது மக்கள் கலங்கினார்கள். அது நியாயமான பயம்தான்.

அந்த விதிகளில் செவிலியம் சார்ந்த இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது ஆள்பலம். சிறப்பு மையத்தில் ஒரு படுக்கைக்கு 2.9 முழுநேரப் பணியாளர்கள், செவிலியரும் உதவியாளரும் சேர்த்து, இருக்க வேண்டும். ஷிப்டு, வார விடுமுறை, நோய் விடுப்பு எல்லாம் கழித்துப் பார்த்தால், எந்த நேரத்திலும் இரண்டு படுக்கைக்கு ஒருவர் என்ற அளவில் வரும். இரண்டாவது, விழுங்கும் திறனைச் சோதிப்பது. பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசை தளர்ந்திருக்கலாம். தெரியாமல் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால்கூட அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அதனால் வாய்வழியாக எதையும் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனை நடக்க வேண்டும். இதைச் செய்வது பெரும்பாலும் பயிற்சி பெற்ற செவிலியர்தான். இது தெரியாத ஒருவர் எழுதும் ஒப்பந்தத்தில் ஸ்கேன் கருவி இருக்கும், மருந்து இருக்கும், இந்தத் தண்ணீர் டம்ளர் இருக்காது.

விதியை எழுதியதோடு சேவையை வாங்கியவர்கள் நிற்கவில்லை. தரத்தை எட்டிய மையங்களுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று வைத்தார்கள். அதாவது செவிலியர் எண்ணிக்கையைப் பணத்தோடு முடிச்சுப் போட்டார்கள். பொதுவாக ஆஸ்பத்திரியில் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்கும் இடம் செவிலியர் பணியிடங்கள். இங்கே அப்படிக் கை வைத்தால் வருமானமும் போய்விடும்.

விளைவை ஆராய்ச்சியாளர்கள் அளந்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். நாட்டின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் லண்டனில் 90 நாள் இறப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. 21 மாதத்தில் 168 மரணங்கள் குறைந்தன என்பது அவர்கள் மதிப்பீடு. ஆண்டுக்கு 96 உயிர்கள். அதே காலத்தில் கிரேட்டர் மான்செஸ்டரும் இதே மாற்றத்தைச் செய்தது. ஆனால் உள்ளூர் ஆஸ்பத்திரிகளின் ஆட்சேபத்துக்கு இணங்கித் திட்டத்தைத் தளர்த்தியது. நோய் தாக்கி நாலு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும் சிறப்பு மையம், மற்றவர்கள் பழையபடி பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. இறப்பில் லண்டன் அளவுக்கு மாற்றம் தெரியவில்லை. 2015இல் மான்செஸ்டரும் விதியை விரிவாக்கியது. மருத்துவ அறிவு மேசையில் இருந்தால் மட்டும் போதாது, அது சொன்னதில் வாங்குபவர் உறுதியாக நிற்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது கடினம்.

சரி, செவிலியர் இந்த மேசைக்கு எப்படி வந்தார்?

நேராக வரவில்லை. முதலில் அழைக்கப்பட்டவர்கள் குடும்ப மருத்துவர்கள், அங்கே ஜி.பி. என்பார்கள். 1991இலிருந்து, விரும்பிய ஜி.பி. கிளினிக்குகள் தங்கள் நோயாளிகளுக்கான சில சிகிச்சைகளைத் தாங்களே வாங்க நிதி கொடுக்கப்பட்டது. நிதி வைத்திருந்த டாக்டரின் நோயாளிக்குச் சீக்கிரம் அறுவை சிகிச்சை, மற்றவருக்குக் காத்திருப்பு என்ற புகார் எழுந்தது. 1999இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. அடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் சேவையை வாங்கும் அமைப்புகளாக வந்த முதன்மைப் பராமரிப்பு டிரஸ்டுகளில் செவிலியர் இடம்பெற்ற ஆலோசனைக் குழுக்கள் இருந்தன. இருந்தாலும் நிர்வாகிகளின் கைதான் ஓங்கியிருந்தது.

2010 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி அந்த டிரஸ்டுகளையும் கலைத்துவிட்டு, பணத்தை ஜி.பி.க்களின் கூட்டமைப்புகளிடம் கொடுக்கப் போவதாக அறிவித்தார். அந்தத் திட்டத்தில் செவிலியருக்கு உறுதியான இடம் எதுவும் இல்லை. நாட்டின் மிகப் பெரிய மருத்துவப் பணியாளர் கூட்டம், நோயாளியோடு மிக அதிக நேரம் இருக்கும் கூட்டம், அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2011 ஏப்ரலில் லிவர்பூலில் நடந்த, செவிலியர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கின் மாநாடு அமைச்சர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 99 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். கோபத்துக்கு ஆள்குறைப்பு உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் தங்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள் என்ற உணர்வு அதில் பெரும் பங்கு வகித்தது என்றே நான் நினைக்கிறேன்.

இந்தத் திட்டத்துக்கான மசோதாவை நிறுத்தி வைத்துக் கருத்துக் கேட்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு விதி மாறியது. 2013 ஏப்ரல் 1 அன்று அந்த ஜி.பி. கூட்டமைப்புகள் 211 மருத்துவக் கொள்முதல் குழுக்களாகப் பொறுப்பேற்றபோது, ஒவ்வொன்றின் ஆளும் குழுவிலும் பதிவு பெற்ற செவிலியர் ஒருவரும், ஆஸ்பத்திரி நிபுணர் ஒருவரும், பொதுமக்கள் சார்பில் இருவரும் கட்டாயம் இருக்க வேண்டியதாயிற்று. அந்தச் செவிலியரும் நிபுணரும் அந்தக் குழு சேவை வாங்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. தன் முதலாளிக்கே ஒப்பந்தம் கொடுக்கும் நிலை வரக் கூடாது என்பதற்காக.

இந்த விதி சரியானது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியை நன்றாக அறிந்தவர் உட்கார முடியாது, உட்காருபவருக்கு ஊர் புதிது. பல இடங்களில் அது பகுதி நேரப் பொறுப்பு. மேசையைச் சுற்றி பல ஜி.பி.க்கள், நடுவே ஒரே ஒரு செவிலியர். அவர் குரல் எடுபட்டதா என்பது அவரவர் துணிச்சலையும் தலைவரின் மனப்பாங்கையும் பொறுத்திருந்தது.

அந்த ஒற்றைக் குரல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அதே ஆண்டு வெளியான ஓர் அறிக்கை காட்டியது. ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் 2005க்கும் 2009க்கும் இடையில் நோயாளிகள் பட்ட துன்பத்தை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ், 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். மலம், சிறுநீரில் கிடந்தவர்கள், சாப்பாடு கை எட்டாத இடத்தில் வைக்கப்பட்டவர்கள், தண்ணீருக்குத் தவித்தவர்கள். நிர்வாகம் நிதி இலக்குகளைத் துரத்திக்கொண்டிருந்தது, செவிலியர் பணியிடங்கள் குறைக்கப்பட்டிருந்தன. அந்த ஆஸ்பத்திரியின் சேவையை வாங்கிக்கொண்டிருந்த அமைப்பும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. வாங்குபவர்தான் தரத்தை வகுத்து, அது கிடைக்கிறதா என்று கண்காணிக்க வேண்டும் என்று அறிக்கை வலியுறுத்தியது.

வாங்கும் பக்கத்துச் செவிலியர் ஒருவர் ஒரு வார்டுக்குப் போனால் என்ன பார்ப்பார்? அழைப்பு மணி எவ்வளவு நேரம் அடிக்கிறது. தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா. சாப்பாட்டுத் தட்டு தொடாமல் திரும்புகிறதா. இன்றைய ஷிப்டில் எத்தனை பேர் வந்திருக்க வேண்டும், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். படுக்கைப் புண் எத்தனை பேருக்கு, அதில் இங்கே வந்த பிறகு உண்டானது எத்தனை. கடைசிக் கேள்வி மிக முக்கியம். நோயாளியை நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைத்து, சத்துள்ள உணவு கொடுத்தால் பெரும்பாலான படுக்கைப் புண்களைத் தவிர்க்கலாம். புண் அதிகமானால் அந்த வார்டில் ஆள் போதவில்லை என்ற சந்தேகம் செவிலியருக்கு உடனே வரும். கணக்குப் புத்தகத்தில் அது பல மாதங்கள் கழித்து, செலவாகத்தான் தெரியும். 2012இலிருந்து இந்தப் புண்களையும் வேறு மூன்று தீங்குகளையும் மாதம் ஒரு நாள் எல்லா வார்டிலும் எண்ணும் முறை நாடு முழுவதும் பரவியது. ஒப்பந்தத் தொகையில் தரத்துக்கென ஒதுக்கிய பங்கில் ஒரு பகுதி அதனோடு இணைக்கப்பட்டது.

இன்னும் கசப்பான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் ஆஸ்பத்திரி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அங்கே நோயாளிகள் அடிக்கப்படுவதையும் அவமானப்படுத்தப்படுவதையும் 2011 மே மாதம் பிபிசி மறைவான கேமராவில் எடுத்து ஒளிபரப்பியது. 11 ஊழியர்கள் குற்றவாளிகள் என்று முடிவானது, அவர்களில் செவிலியர்களும் இருந்தார்கள். உள்ளிருந்தே முதலில் புகார் எழுதியவரும் ஒரு மூத்த செவிலியர்தான், அவருடைய எச்சரிக்கையை யாரும் மதிக்கவில்லை. ஒரு நோயாளிக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு அந்த இடத்துக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. பணம் கொடுத்தவர்கள், தாங்கள் வாங்கிய சேவை என்ன என்று நேரில் போய்ச் சரியாகப் பார்க்கவில்லை. அதன் பிறகு, இத்தகைய ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒவ்வொருவரையும் வாங்குபவர், ஒரு மருத்துவ நிபுணர், இதே அனுபவத்தைக் கடந்து வந்த ஒருவர் என மூன்று பேராகப் போய், ‘இவர் இங்கே இருக்கத்தான் வேண்டுமா?’ என்று ஆராயும் முறை வந்தது. அந்த நிபுணர் பல நேரங்களில் செவிலியர்.

ஒரே ஒரு மனிதருக்காகச் சேவை வாங்கும் வேலையும் உண்டு, அதில் முன்னால் நிற்பவர் செவிலியரே. என்.எச்.எஸ். சிகிச்சை இலவசம், ஆனால் முதியோர் இல்லம் போன்ற சமூகப் பராமரிப்புக்கு வசதி உள்ளவர் தன் பணத்தைத்தான் கொடுக்க வேண்டும். ஒருவருடைய தேவை முதன்மையாக உடல்நலத் தேவை என்று முடிவானால் முழுச் செலவையும் என்.எச்.எஸ். ஏற்கும். இதை மதிப்பிடும் படிவத்தில் மூச்சு, உணவு, தோல், நடமாட்டம், நினைவு, நடத்தை என்று 12 தலைப்புகள் இருக்கின்றன. செவிலியர் ஒருவர் குடும்பத்தோடும் பராமரிப்பவரோடும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நிரப்புகிறார். மறதி நோய் முற்றிய அம்மாவை வைத்துக்கொண்டு வீட்டை விற்கலாமா என்று தவிக்கும் மகளுக்கு, அந்த ஒரு மதிப்பீடு வாழ்க்கையையே புரட்டிப் போடும். பணத்தைக் காக்கும் அமைப்பின் ஆளாகவும், எதிரில் இருப்பவரின் செவிலியராகவும் ஒரே நேரத்தில் இருப்பது எளிதல்ல. இந்த வேலைக்குத் தகுந்த மரியாதை கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

பொருள் கொள்முதலைப் பற்றியும் சுருக்கமாக. கையுறை, கட்டுத் துணி, ஊசி, சிறுநீர்க் குழாய் என்று அன்றாடம் செலவாகும் பொருள்களைப் பயன்படுத்துபவர் செவிலியர். மலிவான கட்டு ஒரு நாளில் கழன்றுபோய் இரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தால், அது மலிவா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியர்கள் 2018இல், தேவையில்லாத இடத்தில் கையுறை போடுவதை நிறுத்துவோம் என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். 21 டன் பிளாஸ்டிக்கும் சுமார் 90,000 பவுண்டும் மிச்சமாயின. கையுறையை நம்பிக் கையைக் கழுவாமல் விடும் பழக்கம் குறைய வேண்டும் என்பதுதான் அவர்களின் முதல் நோக்கம்.

2022 ஜூலை 1 அன்று கொள்முதல் குழுக்கள் கலைக்கப்பட்டு 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் வந்தன. வாரியம் ஒவ்வொன்றிலும் மருத்துவ இயக்குநரும் செவிலிய இயக்குநரும் இருக்க வேண்டும். பகுதி நேர உறுப்பினராக இருந்த செவிலியர் இப்போது முழுநேர நிர்வாக இயக்குநர். இது நல்ல முன்னேற்றம். கூடவே ஆஸ்பத்திரிகளின் பிரதிநிதிகளும் அதே வாரியத்தில் உட்காருகிறார்கள். ஒத்துழைப்புக்கு அது உதவும். ஆனால் விற்பவர் எதிரிலேயே இருக்கும்போது அவருடைய வார்டைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி கேட்பது முன்பைவிடக் கடினமாகலாம்.

2025 மார்ச்சில், மேலிருந்து எல்லாவற்றையும் நடத்தும் என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற அமைப்பையே கலைக்கப் போவதாக அரசு அறிவித்தது. வாரியங்கள் தங்கள் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. சில வாரியங்கள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. நிர்வாகச் செலவு என்ற கணக்கில், வார்டுகளுக்கு நேரில் போய்ப் பார்க்கும் தரக் கண்காணிப்புச் செவிலியரின் சம்பளமும் வரும். என் கவலை அங்கேதான். இயக்குநர் நாற்காலி இருக்கும், ஆனால் அவருக்காக வார்டில் போய்த் தண்ணீர் டம்ளரைப் பார்த்து வரும் ஆள் இருக்க மாட்டார். அப்படி ஆனால் அவரும் மற்றவர்களைப் போல அறிக்கையைப் படித்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

இந்தப் பக்கம் வர நினைக்கும் செவிலியருக்கு ஒரு வார்த்தை. நிதி தெரியாதே என்று தயங்க வேண்டாம், அதைக் கற்றுக்கொள்ளலாம். உங்கள் வார்டின் படுக்கைப் புண், விழுதல், தொற்று எண்ணிக்கைகளை ஒரு வருடம் தொடர்ந்து பாருங்கள். ஆள் குறைந்த வாரங்களில் அவை என்ன ஆகின்றன என்று குறித்து வையுங்கள். உங்கள் ஆஸ்பத்திரிக்கும் வாரியத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் உங்கள் பிரிவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மேலாளரிடம் கேளுங்கள். தர ஆய்வுக்கு வாரியத்திலிருந்து ஆள் வரும் நாளில், அவர்களோடு வார்டைச் சுற்றி வரும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.